எஞ்சின் வெளியே நிற்கிறது

நாரணாபுரத்தில் தங்கப்பாண்டியன் முதலாளியின் பட்டாசுக் கம்பெனிக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி எதுவும் போக முடியாது. கேட்டில் காவலுக்கு ஊர்க்காவலன் என்பவர் நிற்பார். லோடு ஏற்ற வரும் லாரியை வெளியிலேயே அணைக்கச் சொல்லி, சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அதன் பிறகு ஆட்கள் கூடி லாரியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவார்கள். மற்ற கம்பெனிகளில் தீப்பொறி பறக்காமலிருக்கப் புகைக்குழாய்க்கு ஒரு வலைக்கூண்டு மாட்டிவிட்டு ஓட்டிக்கொண்டே உள்ளே விடுகிறார்களே, சட்டமே அதை ஒப்புக்கொள்கிறதே என்று டிரைவர்கள் மன்றாடுவார்கள்.

"அப்ப அங்கன போயி லோடு ஏத்துங்க" என்பார் ஊர்க்காவலன்.

அவர் பிறவியிலேயே இப்படிப்பட்ட ஆள் இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு கம்பெனி எரிந்தபோது, இங்கிருந்து ஓடிப்போய் ஆட்களைத் தூக்கி வெளியே போட்டவர்களில் அவரும் ஒருவர். அங்கே பார்த்ததை அவர் வேலுத்தாயிடம்கூடச் சொன்னதில்லை. வேலுத்தாய் அவர் மனைவி. இதே கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றுகிறாள். மறுநாளிலிருந்து லாரியைத் தள்ளச் சொல்ல ஆரம்பித்தார், அவ்வளவுதான். முதலாளியின் காருக்கும் அதே கதிதான். முதலாளி உள்ளே உட்கார்ந்திருக்க, நாலு பேர் தள்ளிக்கொண்டு போவார்கள். ஆரம்பத்தில் முதலாளிக்கு வெட்கமாக இருந்தது. போகப்போக அது ஒரு மரியாதை மாதிரி ஆகிவிட்டது.

அந்த சீசனுக்கு முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. பட்டாசுச் சத்தத்துக்கு வருஷா வருஷம் புதுப்புதுக் கட்டுப்பாடு வந்துகொண்டிருந்தது.

"சத்தம் கொறையணும், கொறையணும்னு சொல்லிக்கிட்டே இருக்காக" என்றார் முதலாளி. "எதுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கணும்? ஒரேயடியா இல்லாம ஆக்கிருவோம்."

அப்படிப் பிறந்ததுதான் மௌனராஜா வெடி. திரியைக் கொளுத்தினால் புகையும், கொஞ்சம் ஒளிரும், அணைந்துவிடும். சத்தம் மட்டும் வராது. அதற்கு விளம்பரப் படம் எடுக்கவேண்டும். சத்தமே இல்லாமல் கம்பெனிக்கு மேலே எதையாவது பறக்கவிட்டால் பொருத்தமாக இருக்கும் என்று முதலாளி சொல்ல, அவருடைய அக்கா மகள் இசைவாணி, "என்கிட்ட இருக்கு மாமா" என்றாள்.

இசைவாணி ஜெர்மனியில் பல வருஷம் எஞ்சினியராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். திரும்பும்போது மற்றவர்கள் டிவி கொண்டுவருவதுபோல அவள் ஒரு கிளைடரைக் கொண்டுவந்திருந்தாள். இறக்கை தனியாக, உடம்பு தனியாக, கண்டெய்னரில். அனுமதிகளுக்காக அலைந்து முடித்து, சாத்தூருக்குத் தெற்கே ஒரு மில்காரர் எப்போதோ போட்டுவிட்டு மறந்துபோன ஓடுதளத்தில் அதைப் பூட்டி வைத்திருந்தாள். கரிசல் காட்டிலிருந்து வெயிலில் கிளம்பும் சூட்டுக்காற்றைப் பிடித்துக்கொண்டு, சிறகடிக்காத பருந்து மாதிரி வட்டமடித்தே மேலே போகும் விமானம் அது. எஞ்சின் கிடையாது என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார்.

"எஞ்சின் இருக்கு மாமா" என்றாள் இசைவாணி. "சின்னது. காத்து கிடைக்காதப்ப முதுகுலேருந்து நட்டமா எந்திரிச்சு நிக்கும். அதோட உச்சியில ஒரு விசிறி. ஒசரம் கிடைச்சதும் அணைச்சு, மடிச்சு உள்ள வச்சு மூடிரலாம்."

அருகில் நின்ற ஊர்க்காவலனின் காதில் எஞ்சின் என்ற சொல் விழுந்தது.

"கம்பெனிக்கு மேல வரும்போது அது எங்கன இருக்கும் தாயி?"

"மடிச்சு உள்ளதாண்ணே இருக்கும்."

"அத யாரு பாக்குறது?"

"ஆகாசத்துல வர்றது எப்படிவே நம்ம கேட்டுக்குள்ள வந்ததாகும்?" என்றார் முதலாளி.

"தீப்பொறி எங்கருந்து வந்தாலும் கீழதான் மொதலாளி விழும்" என்றார் ஊர்க்காவலன்.

முதலாளி வாதாடிப் பார்த்தார். கம்பெனி எல்லை பக்கவாட்டில் எங்கே முடிகிறது என்று காட்ட வேலி இருக்கிறது. மேலே எங்கே முடிகிறது என்று காட்ட ஒன்றும் இல்லை. அதனால் அது முடியவே இல்லை என்றுதான் ஊர்க்காவலன் எடுத்துக்கொண்டார். கடைசியில் முதலாளி அலுத்துப்போய், "கிளைடர்ல ரெண்டு சீட்டு. நீரே பின்னால உக்காந்து, எஞ்சின் உள்ள போனத உம்ம கண்ணால பாத்துட்டு வாரும்" என்று சொல்லிவிட்டார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஊர்க்காவலன் சரி என்று தலையாட்டிவிட்டார்.

வேலுத்தாய் இரவுச் சோற்றைப் போட்டபடி, "பஸ்ஸுல ஏறுனாலே வாந்தி எடுப்பீக" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை ஓடுதளத்தில் ஊர்க்காவலன் செருப்பைக் கழற்றினார். ஏறுவதற்கு முன் தொட்டுக்கொள்ள செம்புத் தகடு உண்டா என்று கேட்டார். கம்பெனியில் ஒவ்வொரு அறைவாசலிலும் உண்டு. உடம்பில் இருக்கும் மின்சாரம் அதைத் தொட்டால் இறங்கிவிடும். இங்கே இல்லை என்றாள் இசைவாணி. அவர் குனிந்து தரையைத் தொட்டுக்கொண்டார். கையோடு கொண்டுவந்திருந்த சிவப்பு மணல்வாளியை மடியில் வைத்துக்கொள்ளக் கேட்டதற்கு, எடை தாங்காது என்று சொல்லிவிட்டாள். ஒவ்வொரு பிடி மணலாகக் கீழே கொட்டி, "இம்புட்டு மட்டும்?" என்று கேட்டுப் பார்த்தார். வாளி கீழேயே நின்றது.

பின்சீட்டில் ஏறும்போது பிடிமானம் தேடிய அவர் கை, முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த சின்னக் கண்ணாடி ஒன்றைப் பற்றியது. அது ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. விமானி தன் முதுகுக்குப் பின்னால் நிற்கும் விசிறியைப் பார்ப்பதற்கென்று வைத்த ஒரே கண்ணாடி அதுதான். அப்போது இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

கம்பெனி டிரைவர் பலவேசம் பொலிரோவில் நீளக் கயிறு கட்டி இழுத்தான். பட்டம் மாதிரி கிளைடர் மேலே ஏறியது. கயிறு அறுபட்டது என்று ஊர்க்காவலன் கத்தினார். தானே கழற்றிவிட்டதாக இசைவாணி சொன்னாள். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினாள். அவர் பிடரிக்குப் பின்னால் இரண்டு கதவுகள் திறந்து, எஞ்சின் ஒரு தடியன் மாதிரி எழுந்து நின்றது. கிளைடரின் மூக்கைக் கீழே தள்ளி வேகம் எடுத்ததும் எதிர்க்காற்றில் விசிறி சுற்றி, எஞ்சின் பிடித்துக்கொண்டது. தலைக்குப் பின்னால் மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். சட்டைப்பையில் சாவி இல்லாமல் ஓடும் எஞ்சினுக்கு அவ்வளவு பக்கத்தில் அவர் இருந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன.

வாந்தி வரவில்லை. பயந்துகொண்டிருந்ததில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

ஆனைக்குட்டம் அணைக்கு மேலே போதுமான உயரம் வந்ததும், "இப்ப நிறுத்தி மடிச்சிருவோம்ணே" என்று சொல்லி இசைவாணி சுவிட்சை அணைத்தாள். சத்தம் நின்றது. ஆனால் விசிறி நிற்கவில்லை. காற்று அதைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அணைச்ச பெறகும் ஓடுதே தாயி."

"ஓடல அண்ணே, காத்து சுத்துது. வேகத்தக் கொறைச்சா நின்னுரும்."

மூக்கை மெல்லத் தூக்கினாள். கிளைடர் தயங்கித் தயங்கி, இப்போது விழுந்துவிடுவேன் என்கிற மாதிரி நடுங்கியது. விசிறி சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. இனி அதன் இரண்டு இதழும் மேலும் கீழுமாக நேராக நின்றால்தான் மடித்து உள்ளே வைக்க முடியும். நேராக வந்ததும் ஒரு கொக்கி பிடித்துக்கொள்ளவேண்டும். இசைவாணி கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அவளுடைய இடதுபக்க இறக்கையும், திருத்தங்கல் மலையும் தெரிந்தன.

"அண்ணே, கண்ணாடியத் தொட்டீங்களா?"

"ஏறும்போது லேசாப் பிடிச்சேன்."

கண்ணாடி வெளியே இருந்தது, கைக்கு எட்டாது. "சரி. திரும்பிப் பாருங்க. விசிறி எப்படி நிக்குது?"

ஊர்க்காவலன் வார்ப்பட்டைக்குள் நெளிந்து கழுத்தைத் திருப்பினார். "சாஞ்சு நிக்குது."

"எம்புட்டு?"

"குடிச்சவன் நிக்கிற மாதிரி."

கொஞ்சம் வேகம் கொடுத்தால் விசிறி மெல்ல நகரும், நேராக வரும்போது சொல்லுங்கள் என்றாள். இது ஊர்க்காவலனுக்குப் பழகிய வேலைதான். பின்னால் வரும் லாரிக்கு எத்தனை தடவை கையாட்டியிருக்கிறார். "வாங்க... வாங்க... வாங்க... இன்னும் கொஞ்சம்... ஆங், நிறுத்துங்க." அவள் நிறுத்தினாள். லாரி என்றால் நின்றிருக்கும். விசிறி தாண்டிப் போய் அந்தப் பக்கம் சாய்ந்தது. கொக்கி பிடிக்கவே இல்லை.

மறுபடி மூக்கு கீழே, மறுபடி மேலே. "வாங்க... வாங்க..." மறுபடி தாண்டியது. ஒவ்வொரு தடவையும் கிளைடர் கொஞ்சம் உயரத்தைத் தின்றது. வெளியே நீட்டிக்கொண்டு, ஓடவும் செய்யாமல் நிற்கும் எஞ்சின், முதுகில் கதவைக் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி வண்டியை இழுத்துப்பிடித்தது.

"மறுபடி ஸ்டார்ட் பண்ணி மேல போகலாமா?" என்றார் அவர். தன் வாயிலிருந்தா இந்தப் பேச்சு வந்தது என்று அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

"ஸ்டார்ட் பண்ண வேகமாக் கீழ பாயணும். அதுக்கு ஒசரம் பத்தாதுண்ணே. ஒரே வழிதான் இருக்கு. நல்ல சூட்டுக்காத்து எங்க கிளம்புதோ அங்க போகணும்."

"எங்கன கிளம்புது?"

அவள் விரலை நீட்டினாள். நாரணாபுரத்தில் அவர்கள் கம்பெனியின் கல்மேடைகளில் கரிமருந்து தடவிய திரிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அந்தக் கறுப்புக்கு மேலே பருந்துகள் சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தன.

"அங்கன கூடாது" என்றார் ஊர்க்காவலன். "எஞ்சின் வெளிய நிக்குது. சூடா இருக்கு. கேட்டுக்கு வெளியவே நிப்பாட்டுங்க."

"ஆகாசத்துல நிப்பாட்ட முடியாதுண்ணே."

"அப்ப சுத்திக்கிட்டு இருங்க."

"சுத்தினா கருவேலங்காட்டுக்குள்ளதான் போயி விழுவோம்."

ஊர்க்காவலன் கீழே பார்த்தார். கருவேலங்காடு அவருக்குப் பெரிய கெடுதலாகத் தோன்றவில்லை. அதில் முள் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் முன்சீட்டில் இருக்கும் பெண்ணின் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் அன்றைக்கு அவர் தூக்கிய பெண்பிள்ளைக்கும் கிட்டத்தட்ட இதே வயதுதான் இருக்கும். பைக்குள் கைவிட்டு பட்டன் போனை எடுத்தார். கேட்டில் அவருக்குப் பதிலாக நின்றவன் பாண்டிராஜ். அவனை அவர்தான் தேர்ந்தெடுத்திருந்தார். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன்.

"பாண்டிராஜு, நான் ஊர்க்காவலன் பேசுறேன்."

"சொல்லுங்கண்ணே. எங்கருந்து?"

"மேலருந்து."

"ஆபீஸ் மாடியா?"

"ஆகாசத்துலேருந்துலே. கம்பெனிக்கு மேல வாரோம்."

"வண்டி நம்பர்?"

ஊர்க்காவலன் இசைவாணியைக் கேட்டார். எழுத்துதான் இருக்கிறது, நம்பர் கிடையாது என்றாள்.

"நம்பர் இல்ல."

"நம்பர் இல்லாத வண்டிய எந்தக் காரணத்தக் கொண்டும் விடக்கூடாதுன்னு நீங்கதானண்ணே சொன்னீக."

"நான்தாம்லே சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்லுதேன்."

"எஞ்சின் அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சு. ஆனா வெளிய நிக்குது."

"கேட்டுக்கு வெளியவா?"

"வண்டிக்கு வெளிய."

பாண்டிராஜ் யோசித்தான். "எஞ்சின் வண்டிக்கு வெளிய நிக்குதுன்னா, வண்டி எதுலண்ணே வருது?"

"காத்துல."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. அடுத்த நிமிஷம் கீழிருந்து கம்பெனியின் அபாய மணிச்சத்தம் கேட்டது. எஞ்சின் இல்லாத அமைதியில் அது துல்லியமாகக் காதில் விழுந்தது. ஷெட்டுகளிலிருந்து பெண்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். ஓடவில்லை, தள்ளவில்லை; அவர் பழக்கியபடியே ஒருவர் பின் ஒருவராகக் கேட்டைத் தாண்டி, சாலைக்கு அந்தப்புறம் வேப்பமரத்தடியில் போய் நின்றார்கள். படம் எடுக்க வந்த விளம்பரக்காரர்களும் அங்கேதான் நின்றார்கள். கேமராவில் பேட்டரி இருந்ததால் பாண்டிராஜ் அவர்களைக் காலையிலிருந்தே உள்ளே விடவில்லை.

மேலிருந்து ஊர்க்காவலன் அந்த வரிசையைத் தலை தலையாக எண்ணினார். ஒத்திகை பார்க்கும்போது ஒருநாளும் இவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை.

"ஆளுக வெளிய வந்துட்டாக" என்றார். "ஆனாலும் இன்னொரு தடவை மடிச்சுப் பாருங்க தாயி. எல்லைக்குள்ள போறதுக்கு முன்னால."

"கடைசித் தடவைண்ணே. இது தப்புனா நேரே மேடைக்கு மேலதான்."

மூக்கை மேலே தூக்கினாள். காற்றின் இரைச்சல் அடங்கி, நடுக்கம் வந்தது. ஊர்க்காவலன் இந்தத் தடவை வாங்க வாங்க என்று சொல்லவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். விசிறி அரைச்சுற்று வந்து, நின்று, யோசித்து, இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்தது. டக் என்று ஒரு சத்தம். ஏன் இத்தனை தடவை பிடிக்காத கொக்கி இப்போது பிடித்தது என்று இசைவாணிக்கே பிற்பாடு விளங்கவில்லை.

"நேரா நிக்குது" என்றார்.

அவள் பொத்தானை அழுத்த, எஞ்சின் மெல்லக் குனிந்து, பாதியில் நின்றது. சூடு ஆறட்டும் என்று வண்டியே அப்படி நிறுத்தும் என்றாள் இசைவாணி. அந்த வண்டியின் மேல் ஊர்க்காவலனுக்கு முதன்முதலாக ஒரு மதிப்பு வந்தது. பிறகு எஞ்சின் முழுவதும் உள்ளே போய், கதவுகள் மூடிக்கொண்டன. அடுத்த மூச்சில் வேலி அவர்களுக்குக் கீழே கடந்துபோனது.

"உள்ள வந்துட்டோம்" என்றார். "எஞ்சின் அணைச்சு, மடிச்சு, மூடியிருக்கு. நான் பாத்தேன்."

அப்போது பார்த்து வெயிலை ஒரு மேகம் மறைத்தது. கல்மேடைகள் நிழலாகின. பருந்துகள் ஒவ்வொன்றாகச் சிறகடித்துக்கொண்டு வேறு பக்கம் போயின. கிளைடர் இறங்கத் தொடங்கியது. எங்கேயாவது நீளமாக, காலியாக ஓர் இடம் வேண்டும் என்றாள் இசைவாணி.

வெடிமருந்தைச் சேர்த்துவைக்கும் மருந்துக் கிட்டங்கிக்கும் ஷெட்டுகளுக்கும் நடுவே ஒரு பொட்டல் கிடந்தது. அங்கே இன்னும் நாலு ஷெட் போடலாம் என்று முதலாளி வருஷா வருஷம் கேட்பார். இடைவெளி இருந்தே ஆகவேண்டும் என்று ஊர்க்காவலன் வருஷா வருஷம் குறுக்கே நிற்பார். அவர் அந்தப் பொட்டலைக் காட்டினார். ஒரு புல்கூட முளைக்க விட்டதில்லை அங்கே. கிளைடர் தொட்டு, குதித்து, புழுதி கிளப்பி, உருண்டு நின்று, களைத்துப்போன மாடு மாதிரி ஓர் இறக்கையைத் தரையில் சாய்த்தது.

முதலில் வந்து சேர்ந்தவன் பாண்டிராஜ்.

"எந்த கேட்டு வழியாண்ணே உள்ள வந்தீக?"

"கேட்டு வழியா வரல."

"உள்ள வந்ததா நோட்டுல இல்லாத வண்டிய நான் எப்படிண்ணே வெளிய விடுறது?"

ஊர்க்காவலன் அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. "நீ கேக்குறது சரிதான்" என்றார்.

முதலாளி மூச்சுவாங்க வந்தார். வந்தபடியே பறந்து போய்விடட்டும் என்றார். அதற்குக் கயிறு கட்டி இழுக்க பொலிரோ உள்ளே வந்து ஓடவேண்டும் என்றாள் இசைவாணி. எஞ்சின் ஓடிக்கொண்டா என்று கேட்டார் ஊர்க்காவலன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தள்ளிக்கொண்டு போகலாம் என்றால் இறக்கை கேட்டை விடப் பலமடங்கு அகலம். கடைசியில் இறக்கைகளைக் கழற்றினார்கள். மருந்துக் கிட்டங்கி பக்கத்தில் இரும்பு ஸ்பேனர் கூடாது என்பதால் பித்தளை ஸ்பேனர் தேடி எடுத்துவரவேண்டியிருந்தது.

வேப்பமரத்தடியில் சும்மா நின்று அலுத்துப்போயிருந்த பெண்கள் இறக்கையைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். சப்பரம் மாதிரி ஆடி ஆடி அது கேட்டை நோக்கி வந்தபோது, யாரோ ஒருத்தி குலவையிட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வேலுத்தாய் இறக்கையின் நுனியைப் பிடித்திருந்தாள். புருஷனைக் கடக்கும்போது அவர் சட்டையை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"வாந்தி எடுத்தீகளா?"

"இல்ல."

"சாப்பிடாம இருந்தீகளாக்கும்" என்றபடி போனாள்.

விளம்பரக்காரர்களுக்குப் பறக்கிற படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடி எடுத்த, பெண்கள் இறக்கை சுமந்துவரும் படம்தான் கிடைத்தது. முதலாளி அதையே மௌனராஜா பெட்டிக்கு லேபிளாக்கிவிட்டார். திருத்தங்கல் அச்சகத்தில் நாலு கலரில் அடித்தார்கள். வெடி ஓடவில்லை. கொளுத்தியது வெடித்து முடிந்ததா, இன்னும் வெடிக்கவில்லையா என்று தெரியாமல் ஜனங்கள் பக்கத்தில் போகவும் முடியாமல், விலகவும் முடியாமல் அதைச் சுற்றி நின்றுகொண்டே இருக்கிறார்கள் என்று ஏஜெண்டுகள் போன் செய்தார்கள். ஊர்க்காவலன் தன் பங்குக்கு, சத்தமில்லாத வெடி சத்தமுள்ள வெடியைவிட ஆபத்து என்று சொல்லி, அடுத்த சீசனுக்கு அதை நிறுத்தவைத்தார். இசைவாணி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதாவது கேட்டுக்கு வந்து, "வாரீங்களாண்ணே?" என்று கேட்பாள். அவர் ஒருமுறை போனார். பிறகு இன்னொரு முறையும் போனார்.

வேலுத்தாய்க்கு அந்த லேபிள் மேல் இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை. பெட்டி ஒன்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டிய அன்று, விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இறக்கை நுனியில நான்தான நின்னேன்?"

"ஆமா."

"எல்லாப் பொம்பளையும் இருக்காளுக. என் கையி மட்டும் இருக்கு. மூஞ்சி எங்க?"

"ஓரத்துல வெட்டும்போது போயிருக்கும்."

"அம்புட்டு தூரம் செமந்தது நானு" என்றாள். "அந்த அச்சகத்துக்காரனுக்கு வெட்ட வேற எடமே கெடைக்கலியா?"

ஊர்க்காவலன் லேபிளை வாங்கிப் பார்த்தார். இறக்கையின் நுனியைப் பிடித்திருந்த கை வேலுத்தாயின் கைதான். வளையலைப் பார்த்தாலே தெரிந்தது. அதைச் சொன்னார். அவள் சமாதானமாகவில்லை. நாளைக்குத் திருத்தங்கலுக்கு பஸ் ஏறி நேரிலேயே போய்க் கேட்கப்போவதாகச் சொல்லிவிட்டு, அவருக்குச் சோறு போட எழுந்தாள்.